பாட்டிலின் மேல் ஒரு தேதி: பீர் வணிகம் கற்ற பாடம்

சரக்குக் கொள்முதல் செய்யும்போது விலையைப் பார்க்கிறோம், எடையைப் பார்க்கிறோம், கழிவு எவ்வளவு, கடன் எத்தனை நாள் என்று கேட்கிறோம். அந்தச் சரக்குக்கு வயது என்ன என்று எத்தனை பேர் கேட்கிறோம்? வயது தெரியாத சரக்கை வாங்குகிறவர், தமக்குத் தெரியாத ஒரு நட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார். இதை அண்மைக் காலத்தில் நன்றாக உணர்ந்த வணிகம், அமெரிக்காவின் பீர் வணிகம்.

பீரைப் பற்றி நமது இதழில் எழுதுவானேன் என்று உறுப்பினர்கள் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடமே இருக்கிறது. நமது மளிகைக் கடைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குடிப்பழக்கத்துக்குப் பரிந்து பேசுவதும் நமது நோக்கமன்று. ஆனால் இரண்டு காரணங்களால் இந்தச் செய்தி நமக்கு வேண்டியதாகிறது. முதலாவது, கடல் கடந்து கடை வைத்திருக்கும் தமிழர்கள் பலர் இச்சரக்கை விற்கிறார்கள். லண்டனின் தெருமுனைக் கடைகளில் ஈழத்தமிழர் நடத்துபவை ஏராளம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2024 செப்டம்பர் 5 முதல் சிறு பலசரக்குக் கடைகளும் உரிமம் பெற்று பீர் விற்கலாம் என்றாயிற்று. இரண்டாவது காரணம் பெரிது. பழகிப்போன சரக்கின் நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்ற கேள்விக்கு, அந்த வணிகம் ஒரு விடை கண்டிருக்கிறது. அந்தக் கேள்வி நம் கடை வாசலிலும் தினமும் நிற்கிறது.

மணமே விலை

பீருக்கு வேண்டியவை நான்கு: தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஈஸ்ட், ஹாப்ஸ். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியில் காய்க்கும் சிறு கூம்பு. அதன் இதழ்களுக்கு இடையே மஞ்சள் நிறத்தில் பிசினும் எண்ணெயும் கலந்த தூள் இருக்கும். பிசினைக் கொதிக்க வைத்தால் கசப்பு இறங்கும். எண்ணெயிலிருந்து வருவது மணம். கொதியில் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால், மணம் வேண்டுவோர் கடைசி நேரத்திலோ, பீர் நொதித்து ஆறிய பிறகோ மேலும் ஹாப்ஸைப் போடுவார்கள். தாளிப்பைக் கடைசியில் கொட்டுவது போலத்தான் இதுவும்.

அமெரிக்காவில் விளையும் ஹாப்ஸில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைகிறது. 1972இல் கேஸ்கேட் என்ற புதிய ரகம் வெளியிடப்பட்டது. கலிபோர்னியாவின் சிகோ நகரில் தொடங்கிய சியெர்ரா நெவாடா என்ற சிறு ஆலை, 1980இல் அந்த ரகத்தைத் தாராளமாகப் போட்டு ஒரு பீர் செய்தது. அதன் வெற்றியைப் பார்த்துப் பலரும் அந்த வழியில் இறங்கினார்கள். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் நூற்றுக்கும் குறைவாக இருந்த பீர் ஆலைகள், 2020களில் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறு ஆலைகள். இவர்கள் செய்வதைத்தான் கிராஃப்ட் பீர் என்கிறார்கள்.

இந்தச் சிறு ஆலைகளின் முக்கியச் சரக்கு, ஐ.பி.ஏ. எனப்படும் ஹாப்ஸ் மிகுந்த பீர். ஆரஞ்சுத் தோல், பம்பளிமாஸ், மாம்பழம், பைன் மரப்பிசின் என்று பல மணங்கள் அதில் வரும். சாதாரண பீரைவிட அதற்கு விலை அதிகம். அந்தக் கூடுதல் விலையை வாடிக்கையாளர் கொடுப்பது முழுக்க முழுக்க மணத்துக்காக. மணம் போய்விட்டால் அவர் கொடுத்த பணத்துக்குச் சரக்கு கொடுத்ததாக ஆகாது.

பெயரில் இருக்கும் இந்தியா

ஐ.பி.ஏ. என்பதில் உள்ள முதல் எழுத்து இந்தியாவைக் குறிப்பது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வெள்ளைக்காரர்களின் தேவைக்காக பீர் கப்பலில் வந்தது. லண்டனில் போ என்ற பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களிலிருந்து பர்ட்டன் நகரத்து ஆலைகளும் இந்த வணிகத்தில் முன் நின்றன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நான்கு முதல் ஆறு மாதம் வரை பயணம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். அந்த வெப்பத்தில் பீர் புளித்துப் போகாமல் இருக்க ஹாப்ஸை அதிகமாகப் போட்டார்கள். ஹாப்ஸின் பிசினுக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணம் உண்டு.

இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, ‘ஆறு மாதம் கப்பலில் வந்த பீர் அல்லவா, அலமாரியில் ஆறு மாதம் இருந்தால் என்ன?’ என்று நினைக்கும் கடைக்காரர்கள் அங்கே உண்டு. இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. கெடாமல் இருப்பது வேறு. மணம் குன்றாமல் இருப்பது வேறு. ஹாப்ஸின் பிசின் பீரைக் காக்கும். ஆனால் ஹாப்ஸின் எண்ணெயை எதுவும் காப்பதில்லை. அந்தக் காலத்துச் சரக்கு நீண்ட நாள் கிடந்து பக்குவப்படுவதற்கென்றே செய்யப்பட்டது. இந்தக் காலத்துச் சரக்கு செய்த சூட்டோடு விற்பதற்கென்று செய்யப்படுகிறது. பெயர் ஒன்றானாலும் சரக்கு ஒன்றல்ல.

பழைய பீரால் உடலுக்கு நஞ்சு ஏறும் என்ற அச்சம் வேண்டியதில்லை. அதிலுள்ள சாராயம், புளிப்பு, ஹாப்ஸ் ஆகியவற்றுக்கு இடையில் நோய்க்கிருமிகள் வளர்வதில்லை. பால் கெடுவது போல அது கெடாது. போவது சுவையும் கடையின் பெயருமே.

எல்லா பீரும் இப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட் போன்ற வீரியமான வகைகளைச் சிலர் வருடக் கணக்கில் வைத்திருந்து விற்கிறார்கள். நம் கடையிலும் அப்படித்தானே! பழைய அரிசிக்கு விலை கூடும். அரைத்த காப்பித்தூளுக்கு நாளாக ஆக மதிப்புக் குறையும். இரண்டையும் ஒரே கணக்கில் வைப்பவர் வியாபாரி ஆகமாட்டார்.

மூன்று பகைவர்கள்

ஹாப்ஸ் மணத்துக்குப் பகைவர் மூவர்: காற்று, வெப்பம், வெளிச்சம்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் முதல் பகைவன். பீரை அடைக்கும்போது உள்ளே தங்கும் ஆக்சிஜனை நூறு கோடிப் பங்கில் இத்தனை பங்கு என்று அளக்கிறார்கள். நல்ல ஆலைகள் அதைச் சில பத்துப் பங்குக்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. அப்படி அடைத்தும், தகர மூடியின் உட்புறப் பூச்சு வழியாக நாளடைவில் சிறிது காற்று கசிகிறது. மணத்தில் ஒரு பகுதியை அந்தப் பூச்சே உறிஞ்சிக்கொள்கிறது. முதலில் பழ மணம் போகும். பிறகு பாகு போன்ற இனிப்பும், ஆறிப்போன தேநீரின் சுவையும் தலைகாட்டும். கடைசியில் நனைந்த அட்டையின் வாடை வரும். கலங்கலாகச் செய்யப்படும் ஐ.பி.ஏ. வகையில் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். பொன்னிறம் மங்கிப் பழுப்பேறும்.

வெப்பம் இரண்டாவது. அது காற்றின் வேலையை விரைவுபடுத்துகிறது. பீர் வணிகத்தில் 3–30–300 என்றொரு வாய்ப்பாடு வழங்குகிறது. ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 3 நாள் இருந்தால் ஏற்படும் சேதம், 22 டிகிரியில் 30 நாளில் ஏற்படும். 3 டிகிரி குளிரில் வைத்தால் அதே சேதத்துக்கு 300 நாள் ஆகும். இது துல்லியமான கணக்கன்று. மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டிய ஒரு அளவு. வெயிலில் நின்ற லாரியில் ஒரு வாரம் கழித்த பெட்டியும், குளிர்க்கிடங்கிலிருந்து நேரே வந்த பெட்டியும் ஒரே தேதியைத் தாங்கியிருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சரக்கல்ல. தேதி என்பது வயதைச் சொல்லும், வளர்ப்பைச் சொல்லாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்க்கலாம். குளிரிலிருந்து எடுத்து வெளியே வைத்து, மறுபடி குளிரில் வைத்தாலே பீர் கெட்டுவிடும் என்பார்கள். அப்படியல்ல. மொத்தத்தில் எவ்வளவு நேரம் எவ்வளவு வெப்பத்தில் இருந்தது என்பதே கணக்கு.

வெளிச்சம் மூன்றாவது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது வெயில் பட்டால் அது சிதைந்து கந்தக நெடியுள்ள ஒரு பொருளாக மாறுகிறது. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பகைவர் மேல் பீய்ச்சும் திரவத்தின் நாற்றத்துக்கு இதை ஒப்பிடுவார்கள். இது நிகழும் விதத்தை வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மால்கம் ஃபோர்ப்ஸும், பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து ஆய்வாளர்களும் 2001இல் விளக்கினர். நேர் வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடியும் வெள்ளைக் கண்ணாடியும் அவ்வளவாகத் தடுக்கா. தகர டப்பாவில் வெளிச்சம் அறவே புகாது. கொலராடோவின் ஆஸ்கர் புளூஸ் என்ற சிறு ஆலை 2002இல் தன் பீரை டப்பாவில் அடைத்தபோது அது புதுமையாகத் தோன்றியது. இன்று சிறு ஆலைகளில் டப்பாவே பெருவழக்கு.

தேதியா, புதிரா?

பீர் மீது தேதி போட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே நெடுங்காலம் பல ஆலைகள் தேதி போடாமலே விற்றன. போட்டவர்களும் குறியீடாகப் போட்டார்கள். ஆலைக்காரருக்கும் வினியோகஸ்தருக்கும் மட்டும் புரியும். கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் புரியாது.

ஒரு குறியீட்டை எடுத்துக்கொள்வோம். டப்பாவின் அடியில் 0455 என்று இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி எண். 45ஆவது நாள் என்றால் சனவரியின் 31 போகப் பிப்ரவரி 14. ஆக 2025 பிப்ரவரி 14 அன்று அடைத்தது. வேறொரு ஆலை ஆண்டை முதலில் போடும். இன்னொன்று மாதத்துக்கு எழுத்துப் போடும். தெளிவாகத் தேதி போட்டாலும் குழப்பம் தீராது. 03/05/25 என்பது நமக்கு மே 3. அமெரிக்கருக்கு மார்ச் 5. அது அடைத்த தேதியா, விற்பனைக் கெடுவா என்பதும் எழுதப்படாவிட்டால் எண் இருந்தும் பயனில்லை.

இந்த நிலையை மாற்றியவர்கள் ஆலைக்காரர்களிலேயே சிலர். சாமுவேல் ஆடம்ஸ் பீரைச் செய்யும் பாஸ்டன் பீர் கம்பெனி 1980களின் பிற்பகுதியிலேயே வாடிக்கையாளர் படிக்கும்படி கெடுத் தேதியை லேபிளில் காட்டத் தொடங்கியது. 1996இல் பட்வைசர் ஆலை, பாட்டிலில் ‘பிறந்த தேதி’ போட்டு அதையே பெரிய விளம்பரமாக்கியது. கலிபோர்னியாவின் ஸ்டோன் ஆலை 2012இல் இன்னும் ஒரு படி மேலே போய், குடித்து முடிக்க வேண்டிய தேதியையே ஒரு ஐ.பி.ஏ.வின் பெயராக வைத்தது. ஆலையை விட்டுப் புறப்பட்டு ஏறக்குறைய ஐந்து வாரமே அதற்கு ஆயுள். குறுகிய ஆயுளைக் குறையென்று மறைக்காமல், அதையே விற்பனைக்குக் காரணமாக்கினார்கள். வாடிக்கையாளர்களும் டப்பாவைத் தலைகீழாகத் திருப்பித் தேதி பார்த்து வாங்கப் பழகிவிட்டார்கள்.

இன்று பல ஆலைகள் ஐ.பி.ஏ.வுக்கு 90 முதல் 120 நாள் வரை கெடு வைக்கின்றன. மிக நுண்ணிய மணமுள்ள வகைகளை அதற்கும் முன்பே விற்றுவிடுவது நல்லது.

நட்டம் யாருக்கு?

நம்மவர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு அமெரிக்காவில் ஆலை, வினியோகஸ்தர், சில்லறைக் கடை என்ற மூன்றடுக்கு முறை வந்தது. பெரும்பாலான சரக்கு ஆலையிலிருந்து வினியோகஸ்தரின் கிடங்குக்குப் போய், அங்கிருந்தே கடைக்கு வருகிறது. கிடங்கில் இரண்டு மாதம் கிடந்த பெட்டி கடைக்கு வந்தால், விற்க மிஞ்சிய காலம் எவ்வளவு? தேதி இல்லாவிட்டால் கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. மணம் போன பாட்டிலை வாங்கியவர் ஆலையையோ கிடங்கையோ திட்டமாட்டார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரைத்தான் திட்டுவார். அல்லது ஒன்றும் சொல்லாமல் அடுத்த முறை வேறு கடைக்குப் போவார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டில் ஒன்று 100 ரூபாய் வீதம் 24 பாட்டில் வாங்கினால் முதல் 2,400 ரூபாய். விற்கும் விலை 125. பதினெட்டு விற்று, ஆறு தேங்கிக் கெடுவைத் தாண்டிவிட்டால் வரவு 2,250. ஆக 150 ரூபாய் நட்டம். பெட்டியில் கால் பங்கு தேங்கினால், விற்ற முக்கால் பங்கின் லாபம் முழுவதும் போய் முதலிலும் கை வைக்கிறது. தேங்கிய ஆறுக்குப் பாதி விலையாவது திரும்பக் கிடைத்தால், 150 ரூபாய் லாபமாக மாறிவிடும்.

அப்படித் திரும்பக் கிடைக்குமா? விற்பனை மந்தம், இருப்பு அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் மதுச் சரக்கைத் திருப்பி எடுப்பதை அமெரிக்க மத்திய அரசின் வணிக விதிகள் ஏற்பதில்லை. ஆனால் மணம் குன்றும் பீருக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள். அலமாரியிலிருந்து எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதை ஆலை முன்கூட்டியே விதியாக வகுத்திருக்க வேண்டும். அந்த விதி எளிதில் சரிபார்க்கக்கூடியதாகவும், ஆளுக்கு ஆள் மாறாமல் பின்பற்றப்படுவதாகவும் இருக்க வேண்டும். அந்தத் தேதியைக் காட்டும் குறி பாட்டில் மேலேயே இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். பாஸ்டன் பீர் கம்பெனியோ, கெடு முடிந்த சரக்கை வினியோகஸ்தர் திருப்பினாலும் அழித்தாலும், அவருடைய கொள்முதல் விலையில் ஏறக்குறைய பாதியை வரவு வைப்பதாகத் தன் ஆண்டறிக்கைகளில் சொல்லிவந்தது. செய்தவரும் விநியோகித்தவரும் நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது.

பாட்டில் மேலுள்ள தேதி வாடிக்கையாளருக்காக மட்டும் போடப்படுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது கடைக்காரர் கையிலுள்ள ரசீது போன்றது. தேதி இருந்தால் வாங்கும்போதே மறுக்கலாம். கெடு வந்தால் கேட்கலாம். தேதி இல்லாத இடத்தில் வலியவன் சொல்வதே கணக்கு.

கடையில் செய்ய வேண்டியவை

இச்சரக்கை விற்கும் வெளிநாட்டுத் தமிழ்க் கடைக்காரர்களுக்குச் சில யோசனைகள்:

1. பெட்டியை இறக்கும்போதே ஒரு டப்பாவைத் திருப்பித் தேதி பாருங்கள். பாதிக் காலம் கழிந்த சரக்கானால் இறக்கும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு பேச்சு எடுபடாது.

2. ஆலைவாரியாகக் குறியீடுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புரியாத குறியீட்டுக்கு விளக்கம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பது பழைய விதி. அது போதாது. முதலில் கெடு முடிவது முதலில் போக வேண்டும். நேற்று வந்த பெட்டி, போன மாதம் வந்ததைவிடப் பழையதாக இருக்கக்கூடும்.

4. ஹாப்ஸ் பீர் முழுவதையும் குளிர்பெட்டியில் வைக்க இடமில்லையென்றால், இருக்கும் இடத்துக்கு ஏற்ப வாங்குங்கள். பத்து வகையில் நான்கு பெட்டி வீதம் வாங்குவதைவிட, நான்கு வகையில் ஒரு பெட்டி வீதம் வாரந்தோறும் வாங்குவது நல்லது.

5. கண்ணாடிச் சன்னல் ஓரத்தில் அழகுக்கு அடுக்க வேண்டாம். அடுக்கத்தான் வேண்டுமென்றால் காலிப் பாட்டிலை அடுக்குங்கள்.

6. கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே விலையைக் குறைத்து, காரணத்தையும் எழுதித் தொங்கவிடுங்கள். மறைத்து விற்றால் ஒரு பாட்டில் போகும். சொல்லி விற்றால் வாடிக்கையாளர் தங்குவார்.

நம் அலமாரிக்கு

காற்று, வெப்பம், வெளிச்சம் என்ற அதே மூவர் நம் கடையிலும் குடியிருக்கிறார்கள். மிளகாய்த்தூளின் நிறம் மங்குவதும், கடலை எண்ணெயில் காறல் வாடை வருவதும், காப்பித்தூள் மணமற்றுப் போவதும் இவர்கள் வேலையே. அமெரிக்கர் நடுக்கத்தோடு பேசும் 32 டிகிரி வெப்பம் நமக்குச் சாதாரணப் பகல். ஆகவே நம் கவனம் அவர்களுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகளின்படி, இங்கே பொட்டலமிட்ட உணவுப்பொருளில் தயாரித்த அல்லது அடைத்த தேதியும் காலாவதித் தேதியும் இருந்தாக வேண்டும். இதை அதிகாரிகள் வந்து பார்க்கும் சமாசாரமாக மட்டும் நாம் கருதுவது சரியன்று. காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுப்பதில் ஏஜென்சிக்கும் கடைக்காரருக்கும் நடக்கும் தகராறு நாம் அறியாததல்ல. சரக்கு இறங்கியபோது எத்தனை நாள் மிச்சம் இருந்தது என்று பில்லிலேயே குறித்து வைக்கும் கடைக்காரர், அந்தத் தகராறில் பாதியை அன்றைக்கே வென்றுவிடுகிறார்.

கொள்முதல் பேசும்போது விலை, கழிவு, கடன் நாள் இவற்றோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்வோம்: இறங்கும்போது குறைந்தது எத்தனை நாள் ஆயுள் மிச்சம் இருக்கும்? கெடு முடிந்தால் எத்தனை பங்கு திரும்ப எடுத்துக்கொள்வீர்கள்? தனியொரு கடைக்காரர் கேட்டால் சிரித்து மழுப்பக்கூடும். ஒரு வீதியிலுள்ள எல்லாக் கடைக்காரர்களும் ஒரே மாதிரிக் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சங்கம் என்ற ஒன்றை நாம் வைத்திருப்பது இதற்காகத்தான்.